தீ இல்லாத திரு இருதயம்

“அந்த நெஞ்சுல எரியறதை மட்டும் அமத்திக் குடு தாயி. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்.”

ஆரோக்கியம் அக்கா இதைச் சொன்னபோது நான் புளிச்சோற்றில் கை வைத்திருந்தேன். சிவகாசியில் நான் வேலை பார்த்த காலண்டர் அச்சகத்தின் மாடி அது. மதியச் சாப்பாட்டு நேரம் என்பதால் கீழே மெஷின் நின்றிருந்தது. மை வாசனை மட்டும் ஓய்வில்லாமல் படியேறி வந்துகொண்டிருந்தது. அந்த வாசனையோடு சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாப்பாடு சப்பென்று இருக்கும்.

அக்கா கீழே பைண்டிங்கில் இருந்தார். காலண்டரின் தலையில் தகரப் பட்டி வைத்து அடிப்பது அவர் வேலை. அன்றைக்குக் கண்ணாடி போட்ட படம் ஒன்றைத் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். துண்டை விலக்கிக் காட்டினார். இயேசுவின் திரு இருதயப் படம். கத்தோலிக்க வீடுகளில் வாசலுக்கு நேராக மாட்டியிருப்பார்களே, அதுதான். வலக்கை ஆசீர்வதிக்க உயர்ந்திருக்கும். இடக்கை மார்பைக் காட்டும். மார்பின் மேல் முள்வளையம் சுற்றிய சிவந்த இருதயம், அதன் உச்சியில் கொழுந்துவிட்டு எரியும் ஒரு சுடர்.

அந்தச் சுடரைத்தான் அக்கா அணைக்கச் சொன்னார்.

“எதுக்குக்கா?”

“செலின் வீட்டுக்குள்ள வரமாட்டேங்கா.”

செலின் அவர் மகள். நான் சோற்றை மூடி வைத்தேன்.

வசனம் தொங்கும் சுவர்

இந்த வேலைக்கு என்னைப் போல் பொருத்தமில்லாத ஆள் மாவட்டத்திலேயே கிடைத்திருக்க மாட்டாள். நாங்கள் புரோட்டஸ்டன்ட். அப்பா மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர். எங்கள் வீட்டுச் சுவரில் வேத வசனம் தொங்கும், படம் தொங்காது. “படம் வச்சா மாலை போடத் தோணும், மாலை போட்டா கும்பிடத் தோணும்” என்பது அம்மாவின் கட்சி. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் குழந்தை இயேசு வந்தால் அதைப் பைபிளுக்குள் வைப்பாளே தவிர, அலமாரியில் நிறுத்தி வைக்க மாட்டாள். (அம்மாவைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு அவளே போனில் கூப்பிட்டாள். “எழுதுறதுதான் எழுதுற, கொஞ்சம் நல்லதையும் எழுது” என்றாள். அந்த நல்லது கடைசியில் வருகிறது.)

அப்படி வளர்ந்த பெண் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, இயேசுவின் கன்னத்துக்குச் சிவப்பு ஏற்றும் வேலைக்குப் போனாள்.

சேர்ந்த புதிதில் ஒரு மாதா படத்தைத் திருத்தக் கொடுத்தார்கள். மாதாவின் நெஞ்சில் வரிசையாக வாள்கள் குத்தியிருந்தன. எனக்குப் பகீரென்றது. யாரோ விஷமி வேலை என்று நினைத்து முதலாளியிடம் ஓடினேன். எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் முருகன் படம், காலையில் அச்சகம் திறந்ததும் ஊதுபத்தி.

“இது வியாகுல மாதாம்மா” என்றார் அவர், பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல். “ஒங்க சாமி, ஒனக்குத் தெரியல. எனக்குத் தெரியுது.”

வேளாங்கண்ணி மாதா யார், பெரியநாயகி மாதா யார், அந்தோணியார் கையில் ஏன் குழந்தை, செபஸ்தியார் உடம்பில் ஏன் அம்பு என்பதெல்லாம் எனக்கு முருக பக்தர் சொல்லித்தான் தெரியும். கத்தோலிக்கரான ஆரோக்கியம் அக்கா இதைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அப்படித்தான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது.

கடைக்கு ஆகும் இயேசு

காலண்டர் தொழிலில் ஆடிப்பெருக்கு அன்று ஆல்பம் போடுவார்கள். அடுத்த வருஷத்துக்கு என்னென்ன படங்கள் உண்டோ அத்தனையும் கோத்த மாதிரிப் புத்தகம் அது. ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். அதில் கிறிஸ்தவப் படங்களுக்கு என்று சில பக்கங்கள் உண்டு. அவற்றை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் அல்ல, கிறிஸ்தவ வாடிக்கையாளர்கள் உள்ள அரிசிக்கடைக்காரர், நகைக்கடைக்காரர், ஜவுளிக்கடைக்காரர்.

ஆகவே இயேசு கடைக்கு ஏற்றவராக இருக்க வேண்டும். இது அண்ணாச்சியின் சட்டம்.

“சிரிச்ச மொகமா இருக்கணும். கன்னம் நெறஞ்சிருக்கணும். ரத்தம் ஆகாது. வருஷம் பூரா சொவத்துல தொங்குறதும்மா, காலையில எந்திரிச்சு முழிக்கிற மொகம்.”

எனவே சிலுவையில் தொங்கும் இயேசு எங்கள் ஆல்பத்தில் கிடையாது. நல்ல மேய்ப்பன் உண்டு. அவர் தோளில் கிடக்கும் ஆட்டுக்குட்டி கொழுகொழுவென்று இருக்க வேண்டும். மெலிந்த ஆட்டை ஒரு வருஷம் போட்டுவிட்டு ஏஜெண்டுகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். பிள்ளையாரும் இயேசுவும் மெக்காவும் ஒரே தாளில் வரும் படமும் உண்டு. அதற்கு எங்கள் பக்கத்தில் நல்ல கிராக்கி. அதில் எது பெரியது எது சிறியது என்று யாரும் சண்டைக்கு வந்துவிடக் கூடாதே என்று அண்ணாச்சி ஸ்கேலை வைத்து அளப்பார். பிள்ளையாரின் காதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒருநாள் காலை முழுக்க யோசித்தார்.

அச்சில் தப்பிப்போன தாள்கள் வேஸ்ட் ஷீட்டாக எங்கள் வீடுகளுக்கு வரும். வண்ணம் சரியாகப் பொருந்தாத தாள் என்றால் உருவம் இரண்டாகத் தெரியும். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் அதில்தான் பாடப் புத்தகத்துக்கு அட்டை போடுவார்கள். இந்துப் பிள்ளையின் கணக்குப் புத்தகத்தில் நான்கு கண்ணோடு இயேசு இருப்பார், கிறிஸ்தவப் பிள்ளையின் வரலாற்றுப் புத்தகத்தில் எட்டுக் கையோடு சரஸ்வதி இருப்பாள். யாரும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை. நான் பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

செலின்

ஆரோக்கியம் அக்காவுக்கு வீடு தாயில்பட்டிப் பக்கம். கணவர் இல்லை. ஒரே மகள் செலின். தாயும் மகளும் ஒரு பட்டாசு ஆலையில்தான் இருந்தார்கள். தாய் பேக்கிங், மகள் தரைச்சக்கரம். ஒருநாள் சக்கர ஷெட்டில் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் இப்படித்தான் சொல்வோம். எது பிடித்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

உயிர்ச்சேதம் இல்லை என்று பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. செலினுக்கு வலக்கை வெந்துபோனது. உள்ளங்கையிலும் முழங்கை வரையிலும். மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு அக்கா நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்து வந்தால், கட்டிக்கொண்டிருக்கும் புதுவீட்டில் முதல் ஆளாகத் திரு இருதய ஆண்டவரைத்தான் குடியேற்றுவேன்.

கத்தோலிக்கரிடம் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. குருவானவர் வந்து படத்தை மந்திரித்து, வீட்டின் நடுச்சுவரில் ஏற்றுவார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குத் தலைவர் அவர்தான்.

செலின் பிழைத்தாள். ஆலைக்குப் போவதை இருவரும் விட்டார்கள். அக்கா எங்கள் அச்சகத்துக்கு வந்தார். பல மாதங்கள் மகளின் கையை மடியில் வைத்து, விரல் நுனியால் களிம்பு தடவியவர் அவர்தான். ஆனால் புண் ஆறியதும் செலின் அந்தக் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். பெற்ற தாய்க்குக்கூட அதற்குப் பிறகு காட்டவில்லை. அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்டால் தெருவுக்குப் போய்விடுவாள். கோயிலில் மெழுகுவத்தி வரிசைப் பக்கம் திரும்பமாட்டாள்.

வீடு கட்டி முடிந்தது. அக்கா ஆசையோடு படம் வாங்கி வந்து சுவரில் சாய்த்து வைத்தார். செலின் வாசல்படியில் கால் வைத்தாள். நேர் எதிரே படத்தின் நெஞ்சில் தீ எரிந்தது.

“அதை எடுத்துட்டுக் கூப்பிடு, வாரேன்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனவள்தான். ஒரு வாரமாக அங்கேதான் சாப்பாடு, தூக்கம்.

“படத்தை எடுத்தா நேர்ச்சை போச்சு. வச்சா பிள்ளை போச்சு” என்றார் அக்கா. “வாற மாசம் முதல் வெள்ளிக்குச் சாமியார்ட்ட நாள் குறிச்சாச்சு. நீ கம்ப்யூட்டர்ல மாமரத்தையே இல்லாம ஆக்குறியே, இந்தத் துளியூண்டை எடுக்க மாட்டியா?”

பீட்ரூட்

எடுத்தேன். எங்கள் ஆல்பத்திலேயே ஒரு திரு இருதயப் படம் இருந்தது. கண்ணாடிப் படத்தைப் பிரிக்க வேண்டாம் என்று அதையே எடுத்துக்கொண்டேன். அரை மணி வேலை. தீ போய்விட்டது.

ஆனால் தீ போன இடத்தில் இருதயம் நன்றாக இல்லை. மேலே ஒன்றும் இல்லாமல், முள் சுற்றிக்கொண்டு, மொட்டையாக நின்றது. காப்பியோடு வந்த அண்ணாச்சி பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தார்.

“என்னம்மா, பீட்ரூட்டா?”

“திரு இருதயம் அண்ணாச்சி.”

“அப்ப தலையில ஒரு தாமரை வச்சிரேன்.”

“அவரு இயேசு அண்ணாச்சி.”

“அதனால என்ன? தாமரை வேண்டாம்னா சொல்லுவாரு?”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடமே கேட்டுவிடலாம் என்று அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். செலினும் வந்தாள். அக்கா பக்கத்தில் நிற்காமல் என் பக்கத்தில் நின்றாள். வேப்பமரத்தடியில் சாமியார் பீட்ரூட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். நல்ல மனுஷர். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“சுடர் இல்லாம திரு இருதயம் கிடையாதேம்மா” என்றார். பிறகு செலினிடம் மெதுவாகச் சொன்னார். “அது சுடுற தீ இல்ல செலின். அவரோட அன்புக்கு அடையாளம்.”

“ஒங்களுக்கு அடையாளம் சாமி. எனக்கு நெசமாவே சுட்டுச்சு.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னாள். சாமியார் படத்தை இன்னொரு முறை பார்த்தார். என்னிடம் திரும்பினார்.

“தீ போடாதீங்க. நெஞ்சைச் சுத்தி ஒளிக்கதிர் மட்டும் போட்டுக் கொண்டாங்க. நான் மந்திரிச்சு வைக்கிறேன். படத்துல அமத்திட்டா அவரு அமந்துபோயிருவாரா என்ன?”

அந்தச் சாமியாரை எனக்கு அன்றிலிருந்து பிடிக்கும். எங்கள் அம்மாவிடமே அவரைப் பற்றி நல்லபடியாகச் சொல்லியிருக்கிறேன்.

காயம் எங்கே?

கதிர்கள் போட்டதும் படம் அழகாகிவிட்டது. காலையில் மேகத்துக்குப் பின்னாலிருந்து வெயில் விழுவதைப் போல மெல்லிய வெள்ளை. பிரிண்ட் எடுப்பதற்கு முன் செலினே பார்த்து ஒப்புக்கொள்ளட்டும் என்று அவளை அச்சகத்துக்கு வரச்சொன்னேன். அக்காவை வேண்டுமென்றே கீழேயே இருக்கச் சொல்லிவிட்டேன். அவர் எதிரில் இருந்தால் இவள் வாயைத் திறக்கமாட்டாள்.

செலின் ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். முதலில் நெஞ்சை ஓரக்கண்ணால் பார்த்தாள். மூச்சு ஒழுங்காக வந்தது. பிறகு அவள் கண் அந்த உயர்ந்த கைக்குப் போய் நின்றுவிட்டது.

“ஜெபாக்கா, கையில காயம் இல்லையே.”

பார்த்தேன். இல்லைதான். ஆணி அறைந்த காயம் இருக்க வேண்டிய உள்ளங்கை, பவுடர் போட்ட மாதிரி வழவழவென்று இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. ரத்தம் ஆகாது என்ற சட்டத்தில் எனக்கு முன்னால் யாரோ, எந்த வருஷமோ துடைத்திருந்தார்கள். நானும் இத்தனை சீசனாக அதே கைக்கு நிறம் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

“கடைக்குப் போற படம்ல. அதான் எடுத்திருக்காக” என்றேன்.

“உயிர்த்தெழுந்த பெறகும் அந்தக் காயத்தோடதானக்கா வந்தாரு? ஆறாத மாதிரி, அப்படியே. நம்பாத தோமையாருகிட்ட கையக் காட்டுனாரே.” அவள் திரைக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். “தீயை எடுத்தது சரி. இதையும் எடுத்துட்டா, அவருக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரில்ல இருக்கு.”

பைபிளின் அந்த அதிகாரத்தை ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். ஆனால் அன்றைக்குத்தான் அது எனக்கு ஒரு கையைப் பற்றிய செய்தியாகக் காதில் விழுந்தது.

“இரு, போட்டுருவோம்” என்று மவுஸைப் பிடித்தேன். சிவப்பாக ஒன்று வைத்தேன். குங்குமப் பொட்டு மாதிரி வந்தது. கொஞ்சம் இழுத்துவிட்டேன். தக்காளித் தோல் ஒட்டிய மாதிரி வந்தது. செலின் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரிப்பு அடங்கியதும் துப்பட்டாவுக்கு மேலாகத் தன் வலக்கையைத் தடவிக்கொண்டாள். பக்கத்து மேசையில் இருந்த ஸ்கேனரைப் பார்த்தாள்.

“இதுல தாளைத்தான் வைக்கணுமா?”

“எதை வச்சாலும் படம் எடுக்கும்.”

துப்பட்டாவை விலக்கினாள். அன்றைக்குத்தான் நானும் அந்தக் கையைப் பார்த்தேன். உள்ளங்கை நடுவில் தோல் சுருங்கி மேடாகி, கட்டைவிரல் அடிவரை ஒரு இஞ்சித் துண்டு படுத்திருப்பது போல வளைந்து போயிருந்தது. ஓரம் வெளுத்து, நடுவில் செம்மை.

“ஏதோ ஒரு கை வேணும்ல” என்றாள்.

ஸ்கேனர் மூடியைத் திறந்தேன். “உள்ள வெளிச்சம் ஓடும் செலின். கண்ணாடி லேசா வெதுவெதுன்னு இருக்கும்” என்று மட்டும் சொன்னேன்.

கையைக் கவிழ்த்து வைத்தாள். மேலே கறுப்புத் துணியைப் போட்டேன். பொத்தானை அழுத்தியதும் ஸ்கேனர் உறுமியது. வெள்ளை வெளிச்சம் ஓரத்தில் இருந்து கிளம்பி விரல் நுனியைத் தொட்டதும், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். முகம் வியர்த்துவிட்டது. வேண்டாம், விட்டுவிடுவோம் என்றேன்.

“இல்லக்கா. இன்னொருவாட்டி போடுங்க.”

இந்த முறை இடக்கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் விரல்களைக் கடந்து, உள்ளங்கையைக் கடந்து, மணிக்கட்டு வரை மெல்ல ஊர்ந்து போனது. அவள் நகம் என் தோளில் பதிந்திருந்தது. கையை எடுக்கவில்லை.

மீதி நேரமெல்லாம் நான் அழுதுகொண்டேதான் வேலை செய்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்த வடுவை எடுத்து, அளவு குறைத்து, அந்த உயர்ந்த உள்ளங்கையில் பொருத்தினேன். நிறத்தை மாற்றவில்லை. கன்னம் மட்டும் பழைய காலண்டர்க் கன்னம்தான். ஆனால் கை, ஏதோ ஒன்று நடந்து முடிந்த ஆளின் கையாக ஆகிவிட்டது.

“அம்மாட்ட சொல்லாதீக. அழுதுக்கிட்டே கெடக்கும்” என்றாள் செலின்.

அண்ணாச்சியிடம் காட்டினேன். ரத்தம் ஆகாது என்பார் என்று பயந்தேன். கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இது கடைக்கு இல்லல்ல, வீட்டுக்குத்தான? நல்ல ஆர்ட் பேப்பர்ல போடு” என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

முதல் வெள்ளி

எங்கள் அம்மாவும் வந்தாள். “நான் படத்தைக் கும்பிட வரல, ஆரோக்கியத்தைப் பாக்க வந்தேன்” என்று பஸ்ஸிலேயே மூன்று பேரிடம் சொல்லிவிட்டாள். வீட்டுக்குள் உறவுக்காரர்கள் நெருக்கி நின்றார்கள். சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. வாழைப்பழத் தாரும் மல்லிகையும் ஒரு மூலையில் இருந்தன. மெழுகுவத்தி மட்டும் எங்கும் இல்லை. அதற்குப் பதிலாகப் படத்தைச் சுற்றி சீரியல் பல்பு தொங்கவிட்டிருந்தார்கள். நான் கொண்டுவந்து கொடுக்கும்போதே படத்தின் மேல் ஒரு புதுத் துண்டு போர்த்தியிருந்தது.

செலின் தெருவில் நின்றாள். நான் கையசைத்தேன். வாசல்படியில் கால் வைத்தாள், நின்றாள், உள்ளே வந்தாள். அக்கா அவளைப் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. பார்த்தவுடன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், கண் பட்டால் மறுபடி ஓடிவிடுவாள் என்பது போல.

சாமியார் ஜெபம் சொல்லி, துண்டை எடுத்தார். தீர்த்தம் தெளிப்பதற்கு முன் வீட்டுக்காரி வந்து தொட்டு முத்தி செய்யட்டும் என்றார். படத்தைத் தொட்டு அந்த விரலை உதட்டில் வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். அக்கா அதுவரை படத்தைப் பார்த்திருக்கவில்லை. தீ போய்விட்டதா என்று முதலில் நெஞ்சைப் பார்த்தார். தலையசைத்துக்கொண்டார். பாதத்தைத் தொடக் குனிந்தவர், படத்தின் உயர்ந்த கையைத் தாண்டும்போது நின்றார்.

அவர் விரல் தானாக மேலே போனது. அந்த இஞ்சித் துண்டின் ஒரு முனையில் தொடங்கி, வளைவோடு வளைந்து, கட்டைவிரல் அடிவரை மெதுவாகத் தடவினார். களிம்பு தடவுகிற அதே தடவல். பல மாதம் மடியில் வைத்துத் தடவிய கை. அதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்கா படத்தை முத்தி செய்யவில்லை. திரும்பினார்.

“செலினு, கையக் குடு.”

செலின் என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன். துப்பட்டாவுக்குள் இருந்த கை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அத்தனை பேருக்கும் முன்னால் அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, உள்ளங்கையை விரித்து, அந்த வடுவின் மேல் வாயை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

எனக்குப் பக்கத்தில் விசும்பல் கேட்டது. எங்கள் அம்மா. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, எந்தப் படத்தின் முன்னாலும் மடங்காத முழங்காலை அந்தச் சிமென்ட் தரையில் மடக்கியிருந்தாள்.

சாமியார் தீர்த்தச் செம்போடு நின்றுகொண்டிருந்தார்.

“எம்மா, சாமி நிக்காக” என்றாள் செலின் மெல்ல.

“நிக்கட்டும்” என்றார் ஆரோக்கியம் அக்கா.

சாமியார் நின்றார். அக்கா தலையைத் தூக்கும் வரை, செம்பைக் கையில் பிடித்தபடி, அசையாமல் நின்றார்.